வேரில் இருந்த பெயர்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியின் தாவரவியல் ஆசிரியை மரகதவல்லி.

ஓர் அம்மையார் புதிதாகத் தோட்டம் வாங்கினார். ஒவ்வொரு செடியின் இலையையும் கசக்கி முகர்ந்தார். தெரிந்த செடிக்குப் பெயர்ப்பலகை நட்டார். தெரியாததைக் களையென்று பிடுங்கி எறிந்தார்.

பலகை பெற்றுவிட்ட கறிவேப்பிலை, தன் காலடியில் நடுங்கிய நன்னாரிக் கொடியைப் பார்த்துச் சிரித்தது. "ஏனடி இந்த நடுக்கம்? நீயும் மணப்பவள்தானே!"

"என் மணம் வேரில் இருக்கிறது, அக்கா. இலையில் ஒன்றுமில்லை."

"அப்படியானால் வாயைத் திறந்து பெயரைச் சொல்லேன்."

"நம் பேச்சு அவருக்குக் கேட்குமானால் உங்களுக்குப் பலகை எதற்கு? இந்த மண் தந்ததையெல்லாம் வேரில்தான் சேர்த்து வைத்தேன். ஒருநாள் மண்ணுக்கே திருப்பித் தர எண்ணியிருந்தேன்."

"பேசாதே, வந்துவிட்டார். நிமிர்ந்து நில்!"

அம்மையார் இலையைக் கசக்கி முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார். கொடியைப் பற்றி இழுத்தார். வேர் முறிந்தது, மணம் எழுந்தது.

"அடடா, நன்னாரி!" என்று மகிழ்ந்தவர், சர்பத்துக்கென்று வேரை மடியில் கட்டிக்கொண்டார். மறவாமல், வெறுங்குழியின் அருகே ‘நன்னாரி’ என்று பலகையும் நட்டார்.

கறிவேப்பிலை அதன்பின் சிரிக்கவில்லை. கொடி மண்ணுக்குத் திருப்பித் தந்தது, முறிந்து உள்ளே தங்கிய ஒரு விரல் நீள வேர்.