வெள்ளிக்கிழமை வெளுக்கும் எண்ணெய்

இராஜபாளையம் பருத்தி அரவை ஆலைக்குச் சீமை இஞ்சின் வந்து நான்கு வாரம் ஆகிறது. நான்கு வெள்ளிக்கிழமையும் அதன் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிட்டது.

"மத்தியானம் இவன் தொழப் போவான். திரும்பி வந்து பாத்தா எண்ணெயில தண்ணி கலந்து கெடக்கும். போற அவசரத்துல குழாயில என்னமோ பண்ணுதான்" என்றார் முதலாளி ஐயாதுரை. "இன்னையோட இவன நிப்பாட்டிருதேன்."

"குழாயத் தொடவே இல்ல மொதலாளி" என்றார் இஞ்சின் ஓட்டும் சேக் முகைதீன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் தேவசகாயம் அவரிடம் திரும்பினார். "பாய், இஞ்சினக் குளுர வைக்கிற தொட்டியில தண்ணி கொறையுதா?"

"இல்லய்யா. வச்ச அளவு அப்படியே இருக்கு."

ஃபிட்டர் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. பிறகு எண்ணெயைத் தொட்டு வைத்தார். உப்பே இல்லை. விரலை முகர்ந்து பார்த்தார்.

"குழாயும் ஒழுகல, சிலிண்டர்லயும் கீறல் இல்ல. இது தண்ணியே இல்ல மொதலாளி, பாலு. மேல ஊத்துனது எண்ணெய்க்குள்ள எறங்கிருக்கு. பாய் தொழப் போன பொறவு இங்க யாரு வந்தா?"

ஐயாதுரை இஞ்சினைப் பார்த்தார். இஞ்சினின் நெற்றியில் இருந்த குங்குமம் இன்னும் காயவில்லை.

"எம்புட்டு ஊத்துனிய?" என்றார் ஃபிட்டர்.

"வாரா வாரம் அபிஷேகத்துக்கு ஒரு ஆழாக்குதான்" என்றார் ஐயாதுரை மெதுவாக. "இன்னைக்கு மட்டும் ஒரு படி. சீக்கிரம் சொகமாகட்டும்னு."