தவழும் உயரம்

அதிகாரி தரையில் குப்புறப் படுத்தார்.

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய பெண், கழுத்தில் சுகாதாரத் துறை அடையாள அட்டையோடு இப்படி விழுந்து படுப்பார் என்று யார் நினைத்தார்கள்? நல்லவேளை, முகமூடி போட்டிருந்ததால் சிரித்தது வெளியே தெரியவில்லை.

உண்மையில் அவள் சிரிக்கும் நிலைமையில் இல்லை. குழந்தைகள் காப்பகம் திறக்க எல்லாம் தயாராக இருந்தது. குட்டி நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. சுவர் முழுக்கத் தன் கையாலேயே யானைகள் வரைந்திருந்தாள். கடைசி யானைக்கு மட்டும் வால் பாக்கி. தெருவில் இருந்த அம்மாக்களோ எப்போது திறப்பாய் என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த விதி குறுக்கே வந்து நின்றது. காப்பகம் வைக்கும் கட்டடத்தின் காற்றைச் சோதிக்காமல் ஒரு குழந்தையைக்கூட உள்ளே விடக்கூடாதாம்.

இனிமேல் மூச்சு விடுவதற்கும் லைசென்ஸ் கேட்பார்கள் போலிருக்கிறது என்று அவள் கணவன் கிண்டலடித்தான். அவளும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். இங்கே துணி மூட்டைகளைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்று கட்டடத்துக்காரர் அடித்துச் சொன்னார்.

ஆனால் முதல் சோதனையின் முடிவு சரியாக வரவில்லை. அதனால்தான் அதிகாரி ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்திருந்தார். மூன்று பேருக்கும் மூக்கை மூடி இரண்டு பக்கமும் டப்பா வைத்த முகமூடி.

முதலில் அதிகாரி கையிலிருந்த கருவியை நின்றபடியே நீட்டிப் பார்த்தார். திரையில் எண் பெரிதாக அசையவில்லை. சிட்டுவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் படுத்தார். விளையாட்டுப் பாய் விரித்திருந்த இடத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே கருவியைப் பிடித்தார்.

எண் ஏறியது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

"தவழுற பிள்ளை இங்கதாம்மா மூச்சு விடும்" என்றார் அதிகாரி.

சிட்டுவின் சிரிப்பு அடங்கிப்போனது. அலமாரியைப் பிள்ளைகளுக்கு எட்டும்படி வைத்திருந்தாள். சுவிட்சுகளை எட்டாத உயரத்துக்கு ஏற்றியிருந்தாள். எல்லாவற்றையும் அவர்கள் உயரத்துக்கு அளந்தவளுக்கு மூச்சை அளக்கத் தோன்றவே இல்லை.

தச்சர் பாயை உருட்டி வைத்துவிட்டு, தரைப்பலகை ஒன்றை மெதுவாக நெம்பி எடுத்தார்.

உள்ளே வெள்ளி மின்னியது.

கடுகு கடுகாய்ச் சிதறிக்கிடந்த மணிகள், பலகை அசைந்த அதிர்வில் உருண்டன. ஒன்றையொன்று தொட்டதும் ஒன்றாகின. பெரிதாகி, நடுங்கி, நின்றன. ஜன்னல் வெயில் பட்டதும் அறை முழுவதும் அந்த மணிகளுக்குள் தெரிந்தது. யானைகள் தெரிந்தன. நாற்காலிகள் தெரிந்தன. குனிந்து பார்க்கும் அவள் முகமும் தெரிந்தது.

தச்சர் கடப்பாரையைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார்.

இத்தனை அழகான ஒன்றைச் சிட்டு அதுவரை பார்த்ததில்லை. தன் கை நீண்டதே அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி அவள் மணிக்கட்டைப் பற்றியபோதுதான் தெரிந்தது. அடுப்பை நோக்கி ஓடும் பிள்ளையைப் பிடிக்கிற பிடி அது.

"பாதரசம்" என்றார்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் தச்சர்தான் முதலில் பேசினார். இந்த இடத்தைத் தெருவில் பழைய ஆட்கள் கண்ணாடிக் கம்பெனி என்று சொல்வார்களாம். முகம் பார்க்கும் கண்ணாடி என்றே நினைத்திருந்தாராம். அதிகாரி தலையசைத்தார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்திருப்பார்கள், சொட்டுச் சொட்டாகச் சிந்தியது பலகை இடுக்கில் இறங்கியிருக்கும் என்றார். கம்பெனி போய்விட்டது. தரைக்குப் புது வார்னிஷ் அடித்தார்கள். துணி மூட்டைகள் வந்தன. நிறமும் இல்லாமல் வாசமும் இல்லாமல் அது மட்டும் கீழே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருந்தது.

கட்டடத்துக்கு இன்றே சீல் வைத்துவிடுவோம், வேறு இடம் பார்த்தால் நானே வந்து சோதித்துத் தருகிறேன் என்றும் சொன்னார்.

எதிர்ச்சாரியில் ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு போனாள். நச்சரித்தவர்களில் ஒருத்தி. சிட்டுவைப் பார்த்துக் கையசைத்தாள். குழந்தை தன் விரலைச் சப்பியபடி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பகம் திறந்திருந்தால், மத்தியானத்தில் அது அந்தப் பாயில்தான் குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கும்.

பேர் தெரியாத, முகம் தெரியாத யாரோ ஒருவர், இந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் மூச்சை நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த ஆளைத்தான் சிட்டு இத்தனை நாளும் திட்டியிருக்கிறாள்.

"யாருக்கு மேடம் இதெல்லாம் தோணுச்சு?" என்று கேட்டாள்.

அதிகாரி கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவினார். வெகுகாலத்துக்கு முன் வேறொரு ஊரில் இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு காப்பகம் நடந்தது என்றார். யாருக்கும் எதுவும் தெரியாது. பிள்ளைகளின் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அதை நடத்திய பெண்ணால் அதற்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு அலுவலகமாகப் படியேறினார். வெளியே போகச் சொன்ன இடங்களுக்கு மறுபடியும் போனார். இந்த விதியை எழுத வைத்த பிறகுதான் ஓய்ந்தார்.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்க வந்த சிட்டு, தெருமுனையில் மறையும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி சற்றுத் தள்ளிப்போய், காரில் சாய்ந்துகொண்டு யாருக்கோ போன் செய்தார். தெரு அமைதியாக இருந்ததால் பேச்சு கேட்டது.

"அம்மா, நீ எழுத வெச்ச விதியால இன்னைக்கு ஒரு காப்பகத்துல கண்டுபிடிச்சோம்மா. இல்லம்மா. ஒரு குழந்தைகூட இன்னும் உள்ள போகல."

அதிகாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்து நின்றார்.

பிறகு அந்தக் கடைசி வரியை மட்டும், பயந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக, இன்னொரு முறை சொன்னார்.