பதினாறாம் நாள் வரை

"நடுவுல எப்பவாவது ஒரே வீட்டுல சேர்ந்து இருந்தீங்களா?"

நீதிபதியின் கேள்வி அவனுக்குத்தான்.

அவன் தரையைப் பார்த்தான்.

அவள் பக்கத்தில் நின்றாள். இருவருமே மனுதாரர்கள். எதிர்மனுதாரர் என்று யாரும் இல்லாத விவாகரத்து வழக்கு. சண்டையெல்லாம் ஓய்ந்து, பேசி முடித்து, சம்மதித்துத்தான் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்திருந்தார்கள்.

மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை. மாலையோடு நிற்கும் போட்டோ. ஆதார் நகல்கள், இரு வேறு முகவரிகளில்.

சட்டம் கேட்கிறபடி ஓராண்டு பிரிந்து வாழ்ந்ததற்கு மட்டும் காகிதம் கிடையாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டின் நடுவில் அவனுடைய அம்மா இறந்துபோனாள்.

அவன் அவளுக்குச் சொல்லவில்லை. யார் மூலமோ தெரிந்து, கட்டிய சேலையோடு அவளே போனாள். மாலையே திரும்பிவிடுவதாகத்தான் இருந்தாள்.

குளிப்பாட்ட மருமகளைக் கூப்பிட்டார்கள். பிரிந்தது சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

போனாள்.

பிறகு திரும்ப முடியவில்லை. முடியவில்லையா, மனம் வரவில்லையா என்று அவளுக்கு இன்றும் நிச்சயமில்லை.

படத்தின் முன்னால் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டாள். மொட்டைத் தலையோடு அவன் கூடத்தில் படுத்தான். அவள் அத்தையின் அறையில் படுத்தாள்.

பேசிக்கொண்டது குறைவு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறினாள்.

இன்று காலை, வராந்தாவில், இதை வக்கீல் பொன்மலரிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று நினைத்தாள்.

"போனோம், மாலையப் போட்டோம், வந்தோம்னு இருக்கணும். பதினாறு நாளாம்மா தங்குவாக? நல்ல ஆளு நீ."

பிறகு அவனையும் அருகில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இதைச் சொன்னால் ஓராண்டு ஆகவில்லை என்று மனுவைத் திருப்பிவிடக்கூடும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். கேட்டால், சேர்ந்து இருக்கவில்லை என்று இருவரும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஓராண்டு அவளால் முடியாது. அவனாலும்தான்.

இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

நீதிபதி மறுபடி கேட்டார்.

அவன் வாய் திறந்தது. மூடியது.

அவள் பக்கவாட்டில் பார்த்தாள். வேறு எதையாவது இல்லையென்று சொல்லச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பான். அந்த நாட்களை இல்லையென்று சொல்ல அவனால் முடியாது.

"நான் சொல்லுதேன் மேடம்," என்றாள்.

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார்.

"இல்ல மேடம். அவங்க அம்மா தவறினப்பக்கூட நான் அந்த வீட்டுக்குப் போகல."

தட்டச்சர் அதை அடித்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்படியும் ஒருத்தியா என்கிற பார்வை.

அவள் அந்தப் பார்வைக்கு ஈடுகொடுத்து நின்றாள்.

பிறகு அவனிடம், அவள் சொல்வது சரிதானா என்று கேட்டார்.

"சரிதான் மேடம்."

சொல்லிவிட்டு அவன் கை கூப்பினான். தலை குனிந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

தனக்குத்தான் என்று நினைத்து நீதிபதி தலையசைத்தார்.