யாரிடம் கறுப்பு இறகு?

"உன் மேஜையை உள் ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டேன்மா. ஜன்னல் பக்கம் ஒரே வெயில், உன் உடம்புக்கு ஆகாது" என்றாள் பெரியக்கா.

சித்திரம் வாயைத் திறப்பதற்குள் மேஜை நகர்ந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் ஆபீஸ் அது. பெரியக்காதான் தலைமை. படம் வரைகிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் சித்திரம். ஆபரேஷன் முடிந்து இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

கேமில் ஏழு தேவதைகள் வானத்திலிருந்து விழுகிறார்கள். எப்படி விழ வேண்டும் என்பதில் பெரியக்கா ரொம்பக் கறார்.

"கோபத்தாலயும் பேராசையாலயும் எவன் வேணும்னாலும் விழுவான். நம்ம தேவதைங்க தங்களோட நல்ல குணத்தாலயே விழணும்."

அதற்கு ஒரு பயிற்சியும் வைத்திருந்தாள். காலையில் உள்ளே நுழையும்போதே வாசல் ஜாடிக்குள் கையை விட்டு, பெரியக்கா உட்பட, ஆளுக்கொரு இறகை எடுத்து யாருக்கும் காட்டாமல் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் வெள்ளை, ஒன்று மட்டும் கறுப்பு. கறுப்பு கிடைத்தவர், ஏதாவது ஒரு நல்ல குணம் கெட்டுப்போன தேவதையாக அன்று முழுக்க நடந்துகொள்ள வேண்டும். யார், என்ன குணம் என்று மற்றவர்கள் சாயங்காலம் சொல்ல வேண்டும். பாதிக் கதை இப்படித்தான் கிடைத்தது.

இன்றைக்கு யாரும் மூளையைக் கசக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அக்கா பின்றாங்க!" என்று ஒலிப்பதிவாளரின் காதைக் கடித்தான் கதை எழுதுகிறவன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்றாள் சித்திரம்.

"நீ அப்படித்தான் சொல்லுவே, பாவம்."

இந்த 'பாவம்' காலையிலிருந்து ஆபீஸ் முழுக்க ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

சித்திரம் உள் ரூமில் போய் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். தண்ணீர் பிடிக்கப் போனவள் பிடிக்காமலே திரும்பினாள். வழியில் கதைக்காரன் ஏதோ ஜோக் சொல்ல, அவள் சிரிக்கப் போனாள்.

"அவளைச் சிரிக்க வைக்காதீங்கப்பா! தையல் பிரிஞ்சுடும்!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாள் பெரியக்கா. எங்கே தையல், எத்தனை பெரிய தையல் என்று அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

டீ வந்தபோது அடுத்தது வந்தது.

"ஏழாவது தேவதையை வெளி ஆளுகிட்ட கொடுக்கச் சொல்லிட்டேன்மா. நீ ஏன் கஷ்டப்படணும்?"

சித்திரத்தின் முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வரைந்து வரைந்து பார்த்த தேவதை அது. அதை முடிக்கத்தான் டாக்டரிடம் மன்றாடி, அவர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வேலைக்கு வந்திருந்தாள்.

"அக்கா, அது மட்டும்…"

"உஷ். ரெஸ்ட் எடு."

சித்திரத்தின் கை சட்டைப் பைக்குள் எதையோ போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது.

"நடிப்புன்னு தெரிஞ்சும் எனக்குப் பார்க்கச் சகிக்கலை" என்றார் ஒலிப்பதிவாளர். "போதும்னு சொல்லிடலாமாப்பா?"

"நடுவுல கெடுத்துடாதீங்க சார். இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணினதே இல்லை."

மத்தியானம் பெரியக்கா சித்திரத்தின் தோளில் கை வைத்தாள்.

"கேம் முடிவுல வர்ற பேர் வரிசையில இருந்து உன் பேரையும் எடுக்கச் சொல்லிட்டேன். பேர் இருந்தா நாலு பேர் போன் பண்ணி அதை மாத்து, இதை மாத்துன்னு பிடுங்குவாங்க. உனக்குத்தானே தொல்லை?"

சொல்லும்போது அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"கண்ணீர் வேறயா! சான்ஸே இல்லை!" என்றான் கதைக்காரன்.

சித்திரம் தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் எல்லோரும் வட்ட மேஜையில் கூடினார்கள்.

"ம், யாருன்னு சொல்லுங்க" என்றாள் பெரியக்கா.

எல்லா விரலும் அவளையே காட்டின. கைதட்டல் வேறு.

"இரக்கம்! பாவம் பார்த்தே ஒரு ஆளை ஒண்ணுமில்லாம ஆக்குற தேவதை! எப்படிக்கா யோசிச்சீங்க?" என்றான் கதைக்காரன்.

பெரியக்கா சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து இறகை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வெள்ளை.

"நான் எதுவும் நடிக்கலையே…" என்றாள்.

தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப கறுப்பு யார்கிட்ட?" என்றார் ஒலிப்பதிவாளர்.

சித்திரம் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் கசங்கிப்போன கறுப்பு இறகு.

"பொறுமை" என்றாள்.

"நீ ஒண்ணுமே செய்யலையேம்மா?"

"அதான் சார் அந்தத் தேவதை. தப்பு நடக்குறப்ப மென்னு முழுங்கிக்கிட்டு நிக்கும். காலையில மேஜையைத் தூக்குனப்பவே நான் சத்தம் போட்டிருந்தா, அக்கா என் பேர் வரைக்கும் போயிருக்க மாட்டாங்க. நானும் விழுந்து, அவங்களையும் பிடிச்சுத் தள்ளிட்டேன். பாதிதான் நடிப்பு. மீதி என் பழக்கம்."

பெரியக்கா பதறி எழுந்தாள். "பாவ…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்திரம் கறுப்பு இறகை மேஜைமேல், அந்த வெள்ளை இறகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சுதுல்லக்கா? இப்ப என் தேவதையைத் திருப்பிக் கொடுங்க."