நாலு பேருக்கு ஒரு வண்டி

"குசினி சின்னனோ? குசினி சின்னன் எண்டு ஆரும் இப்பிடியொரு எஞ்சினை விட்டிட்டுப் போவினமோடா?"

பரராசசிங்கம் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த வேகத்தில் தலையை பம்பரில் இடித்துக்கொண்டார். அதற்கும் சேர்த்து மகன் ஐங்கரனைத்தான் முறைத்தார்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே, பழைய வோன்மொபில் விற்கிற வளவு அது. படுக்கை, சமைக்கக் குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிகள் மழையில் நனைந்தபடி நின்றன. கோடை லீவுக்குக் குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போக ஒன்று வேண்டும் என்று ஐங்கரன் ஒற்றைக்காலில் நிற்கிறான். டீசல் வண்டி என்றால் அப்பாவை விட வேறு யாருக்குத் தெரியும்? காலம் முழுக்கப் பேக்கரிப் பாண் லொறி ஓட்டிவிட்டு ஓய்வுபெற்ற மனிதர். அதனால் சனிக்கிழமை தவறாமல் அவரையும் இழுத்துக்கொண்டு அலைகிறான். அலைந்து என்ன பிரயோசனம்? அவர் நல்லதென்று காட்டிய ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மனிதருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"ரைமிங் பெல்ற் போன வருசம்தான் மாத்தியிருக்கு. சுவரெல்லாம் கையால தடவிப் பாத்திட்டன், ஒரு பொட்டு ஈரமில்லை. புகை குறைவெண்ட பச்சை ஸ்ரிக்கர் இருக்கு, எந்த ரவுணுக்குள்ளயும் போகலாம். நாலு சீற், நாலு பெல்ற். நீ, ஆதிரை, பிள்ளையள் ரெண்டு. உங்கள் நாலு பேருக்கும் இதை விட என்னடா வேணும்?"

"நாலு பேரோ மாமா?" என்றாள் மருமகள் ஆதிரை. "அப்ப நீங்களும் மாமியும்?"

"நாங்கள் ஏன்? போன வருசம் காரில இடமில்லை எண்டு விட்டிட்டுத்தானே போனனீங்கள். அதையும் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. மாமியட்டைச் சொல்லி விட்டனீங்கள்."

"அப்பா, திரும்பவும் அந்தக் கதையைத் தொடங்காதேங்கோ."

"தொடங்குவன்! இந்த முறையும் கொம்மாட்டைத்தானே சொல்லி விட்டனி? 'அப்பாவும் வாறதெண்டால் வரட்டாம்' எண்டு. வாறதெண்டால்! பெட்டியோட பெட்டியாப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு போக நானென்ன சாமானோ? நான் வரமாட்டன். எஞ்சின் பாக்கக் கூப்பிட்டாய், பாத்தன். அவ்வளவுதான்."

"மாமி சொல்லிப்போட்டா, நீங்கள் வராட்டி தானும் வரமாட்டாவாம்."

"அது அவவின்ரை பாடு."

"வராட்டி விடுங்கோ," என்றான் ஐங்கரன் வெடுக்கென்று. "வண்டியைப் பாத்துத் தந்தாக் காணும்."

பரராசசிங்கத்தின் முகம் சுருங்கிப் போனது. பெற்ற பிள்ளை சொல்கிற சொல்லா இது? அந்த இடத்திலேயே பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார். தான் போய்விட்டால் இந்த மோடன் எதையாவது வாங்கி, பிள்ளைகளோடு நடுவழியில் நிற்பானே என்ற பயம்தான் அவரைப் பிடித்து வைத்தது.

ஐங்கரன் அவரைத் திரும்பியும் பார்க்காமல் வளவின் கடைசிக்கு நடந்தான். அங்கே ஒன்று நின்றது. பின்பக்கம் இரண்டு அச்சு, சாரதி சீற்றுக்கு மேலேயும் படுக்கை, ஆறு பேர் இருக்க இடம்.

"இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான்.

"உனக்கென்ன விசரே! இது வண்டியோ, கப்பலோ?"

ஏசிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். முன்மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சினை இயக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். புகைக்குழாயை மோந்து பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"எத்தனை தொன்?" என்று விற்பவரிடம் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"கிட்டத்தட்ட ஐந்து," என்றார் அவர்.

அவ்வளவுதான். பரராசசிங்கம் மகன் பக்கம் திரும்பிக் கத்திய கத்தில் வளவே திரும்பிப் பார்த்தது.

"எடேய்! உன்ரை லைசன்ஸுக்கு மூண்டரைத் தொன்னுக்கு மேல ஓட ஏலாதடா! ஆதிரைக்கும் ஏலாது. தொண்ணூற்றொன்பதுக்கு முதல் லைசன்ஸ் எடுத்த ஆக்கள்தான் இதை ஓடலாம். படிச்சனி, கொம்பனியில பெரிய உத்தியோகம் எண்டு திரியிறாய், இந்தச் சின்ன விசயம் தெரியாதோ? பொலிஸ் மறிச்சால் என்ன செய்வாய்? உன்ரை குடும்பத்தில இதை ஓடக்கூடிய ஒரே ஆள் நான்தானடா, நான்!"

அவருக்கு மூச்சு வாங்கியது. ஐங்கரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆதிரை குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வெட்கக்கேடு என்று நினைத்த பரராசசிங்கம் விற்பவரிடம் ஜெர்மன் மொழியில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். என் மகனுக்கு இதை ஓட்ட லைசன்ஸ் இல்லை. அது தெரியாமல் உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டான்."

விற்பவர் குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியாமலா? தன்னாலும் மனைவியாலும் ஓட்ட முடியாத, அப்பா மட்டுமே ஓட்டக்கூடிய வண்டி ஒன்று இருக்கிறதா என்றுதானே உங்கள் மகன் போனில் கேட்டார்!"

பரராசசிங்கம், "விலகடா அங்காலை, மோடன்!" என்று மகனைத் தள்ளிவிட்டு, சாரதி சீற்றில் ஏறி உட்கார்ந்து பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.