மூன்றாவது துளை

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையோரம் ஏழு வருடமாக மூடிக் கிடந்த முலாம் பூசும் ஆலை விலைக்குப் போகிறது. மண்ணில் ரசாயனம் இறங்கியிருக்கிறதா என்று சோதித்துச் சொல்லப் பூங்கொடி வந்திருந்தாள். சுண்ணாம்பால் மூன்று இடங்களைக் குறித்துத் துளை போடச் சொன்னாள்.

முதல் துளையில் இருபதடி ஆழத்து மண்ணோடு ஒரு ரப்பர் கையுறை வந்தது. வலது கைக்கானது. உள்ளே வியர்வை ஈரம் காயாமல் இருந்தது.

“வேலையாளுங்க யாராச்சும் போட்டிருப்பாங்க,” என்றார் ஆலை மேலாளர் தீனதயாளன். “இங்க மண்ணுக்கடியில ரசாயனத் தொட்டியெல்லாம் இருந்ததே இல்லீங்க மேடம்.”

தொட்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

இரண்டாவது துளையில் இடது கையுறை வந்தது. அதன் விரல்கள் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. துளை போடும் வெங்கடப்பன் அதைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“மூணாவது வேணாங்க. நாளைக்குப் பத்திரப்பதிவு இருக்கு,” என்றார் தீனதயாளன். மூன்றாவது சுண்ணாம்புக் குறியின் மேல்தான் அவர் நின்றிருந்தார்.

“வெங்கடப்பண்ணா, துளைக்குழாயை இங்க கொண்டாங்க,” என்றாள் பூங்கொடி.

தீனதயாளன் விலகினார். உச்சி வெயிலில் வெடித்துக் கிடந்த தரையில், அவர் நின்ற இடம் மட்டும் அடியிலிருந்து மெல்ல நனைந்துகொண்டிருந்தது. கையுறைக்குள் இருந்த அதே வியர்வை வாடை அடித்தது.