கம்ப்ரசர் ஓடும் நேரம்

தச்சுக் கருவிகளுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரைப் போட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கராஜ் வாசலில் ஓர்லின் வந்து நின்றார்.

"ஆர்டன், கொஞ்சம் வெளிய வாயேன்."

சனிக்கிழமை தவறாமல் இதே கதைதான். ஓர்லின் என் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. ஒரு வாரம் தோட்டத்துப் பூசணியைக் காட்டக் கூப்பிடுவார். அடுத்த வாரம் புல் வெட்டும் மெஷின் கிளம்பவில்லை என்பார்.

உள்ளே வா என்றால் வரமாட்டார். என்னைத்தான் வெளியே இழுப்பார். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசுவார். டாங்கில் காற்று நிரம்பி, கம்ப்ரசர் தானாக நின்றதும், "சரி, உன் வேலையைப் பாரு" என்று கிளம்பிவிடுவார்.

நின்ற பிறகு வந்தால் ஆகாதா?

என் மனைவி மார்லிஸ் இறந்த பிறகு எனக்கு இருந்தது அந்த கராஜும் தச்சு வேலையும்தான். இருந்தும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது அதைச் சொல்லியும் கொள்வேன்.

"பாவம், ஓர்லினுக்கு யாருமில்ல. வாரத்துல ஒரு நாள் நான்தான் பேச்சுத் துணை."

"உனக்குப் பெரிய மனசு ஆர்டன்" என்பாள் காபி ஊற்றும் டார்லீன். நான் மறுத்ததில்லை.

அன்று அக்டோபர் கடைசி சனி. மின்னசோட்டாவில் அதற்குள்ளேயே கராஜில் விரல் விறைத்துவிடும். பாதியில் நின்ற அலமாரி ஒன்றை முடிக்கிற அவசரம் எனக்கு.

"இன்னைக்கு என்ன?" என்றேன்.

"என் மேப்பிள் மரத்துல ஒரு கிளை சாஞ்சிருக்கு. வந்து பாரு."

"சாயட்டும். விழுந்ததும் சொல்லு, வர்றேன்."

"ஒரு நிமிஷம்தான்பா."

"ஓர்லின், உன் தனிமைக்கு நான்தான் மருந்தா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை.

"கிடைக்கல. வா."

முணுமுணுத்துக்கொண்டே போனேன். அண்ணாந்து பார்த்தேன். கிளை நேராகத்தான் இருந்தது.

"எங்கய்யா சாஞ்சிருக்கு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கராஜுக்குள் ஏதோ வெடித்தது.

ஓடினோம். கம்ப்ரசரிலிருந்து காற்றைக் கொண்டுவர நான் சுவரோரம் பொருத்தியிருந்த வெள்ளை பிவிசி குழாயில் நாலடியைக் காணோம். தரையெங்கும் துண்டுகள். நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், அலமாரிக் கதவில், என் நெஞ்சு உயரத்தில் விரல் நீளச் சில்லு ஒன்று குத்திட்டு நின்றது.

ஓர்லின் கம்ப்ரசரை நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு அந்த ஹார்டுவேர் கடை ஞாபகம் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், குழாய் வாங்க அவருடைய வண்டியில்தான் போனோம்.

"ஆர்டன், அந்த வெள்ளை பைப் தண்ணிக்குத்தான். தண்ணின்னா விரிசல் விட்டு ஒழுகும், அவ்வளவுதான். காத்துன்னா கண்ணாடி மாதிரி சிதறும். குளிர்ல இன்னும் மோசம். இதோ இந்த நீல பைப் காத்துக்குன்னே செஞ்சது, இதை எடு" என்றார்.

"எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு பைப் மேலயே அச்சடிச்சிருக்கான்."

"அது தண்ணிக்குப் போட்ட கணக்குப்பா."

நான் கடைக்காரர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பஸ் ஓட்டினவர் எனக்கு பைப் பாடம் எடுக்கறார், பாருங்க!"

கடையே சிரித்தது. ஓர்லினும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம் குழாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தனுடைய கராஜைப் பற்றி அவனுக்கே இரண்டாம் முறை சொல்வது வழக்கமில்லை.

சில்லைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். "அப்போ ஒவ்வொரு சனிக்கிழமையும்..."

"ராத்திரியெல்லாம் பைப் சில்லுன்னு கிடக்கும். காலையில அதுல முதல் காத்து ஏறும்போதுதான் எனக்கு பயம். உன் கம்ப்ரசர் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"மத்த நேரத்துல?"

"மத்த நேரத்துல ஜெபம்தான்."

அவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

மறுநாள் சர்ச்சில் டார்லீன் ஓடி வந்தாள்.

"கராஜ்ல குழாய் வெடிச்சுதாமே! நல்லவேளை, ஓர்லினோட பேச வெளிய போயிருந்தியாம். பாத்தியா ஆர்டன், துணையில்லாதவருக்கு நீ செஞ்ச நல்லதுதான் உன்னைக் காப்பாத்திச்சு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஓர்லின் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். காபியைத்தான் குடித்தேன்.

ஓர்லின் தன் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கினார்.

"ஆமா டார்லீன். ஆறு வருஷமா, எனக்காக எத்தனை குளிர்ல வெளிய வந்து நின்னிருக்கான் தெரியுமா!"